இரண்டு தேதி

பொருள்: வண்டி நிறுத்தக் கட்டணம் தொடர்பாக.
இதுவரை சுலபம்.
பெறுநரைத்தான் மூன்று முறை அடித்தேன்.
கண்காணிப்பாளருக்கா, டெண்டர் எடுத்தவருக்கா,
யாருக்கு எழுதுவதென்று
சங்கத்திலும் தெரியவில்லை.

இரவு எட்டுக்கு உள்ளே வருகிறேன்
காலை எட்டுக்கு வெளியே போகிறேன்
நடுவில் பன்னிரண்டு அடித்துவிடுகிறது.
போகும்போது தேதி மாறிப்போச்சு என்று
இன்னொரு சீட்டு கிழிக்கிறார்கள்.
இருபதும் இருபதும் நாற்பது.

கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை
ஒற்றைக் காலை ஊன்றி நிற்பேனே,
அங்கே எவரும் டோக்கன் கிழிப்பதில்லை.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்
எண்ணூர் நெடுஞ்சாலையில்
மூன்று நாள்கூட நிற்கின்றன,
அடியில் தூளி கட்டி டிரைவர் தூங்குகிறார்,
அவற்றுக்கும் இல்லை.
சீட்டு கிழிந்து பஞ்சு தெரிகிற
என் ஸ்கூட்டிக்கு
ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால்
மழை வந்தால் முதலில் நனைகிற இடத்துக்கு
நாற்பது.

இதெல்லாம் மனுவில் இல்லை.
ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்கமாட்டார்கள் என்றார்
குளோரி சிஸ்டர்.

நான் இ.சி.ஜி. எடுப்பவள்.
காகிதம் ஓட ஓட
ஓரத்தில் நேரம் தானே அச்சாகும்.
போன வெள்ளி, பதினொன்று ஐம்பத்தெட்டு,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஆள்,
லுங்கியில் இன்னும் ஈரம்.
மார்பில் ஒட்ட ஒட்ட
வியர்வையில் வழுக்கின ரப்பர் குமிழ்கள்.
பன்னிரண்டு மூன்றுக்குக் கோடு
நேராகப் போய்விட்டது.
எந்தத் தேதி போடுவது என்று
அவர் மகன் கேட்கவில்லை,
டாக்டர்தான் கேட்டார், பேனாவைத் திறந்தபடி.
சனிக்கிழமை என்றேன்.
ஒரு தேதிதான்.

அந்தக் காகிதத்தின் நகலை
மனுவோடு இணைத்தால் என்ன என்று
ஒரு நிமிஷம் தோன்றியது.
என்மேலேயே எனக்கு வெறுப்பு வர
அந்த ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.
இணைப்பு: சீட்டுகள் ஐம்பத்திரண்டு.
பழைய எக்ஸ்ரே கவரில் போட்டு ஒட்டினேன்.

அன்றிரவு தமீம் வந்தான், சீட்டு கிழிக்கிறவன்.
"மனுல எம்பேரு கீதாக்கா?"
இல்லை என்றேன்.
"ஒரு சீட்டு கொறஞ்சாலும்
எங்கூலில புடிச்சிக்குவான் அந்தாளு."
கவரைப் பிரித்து அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
சீட்டு வழங்கும் ஊழியர்மீது
எனக்குக் குறை எதுவும் இல்லை.

கூப்பிட்டனுப்பினார்கள்.
பகலில் வரச்சொன்னார்கள்,
வந்ததற்கு இருபது.
"நாற்பது ரூபாய்க்கா இவ்வளவு?" என்றார் நிர்வாக அலுவலர்.
"மாசத்துக்குப் பதினைந்து இரவு சார்" என்றேன்.
கால்குலேட்டரைத் தேடினார்.
மேஜையில் இல்லை, இழுப்பறையிலும் இல்லை,
யாரையோ கூப்பிட்டார், அவரும் தேடினார்.
விடை எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
அவரே தட்டிப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

மூன்று வாரம் கழித்துச் சுற்றறிக்கை.
நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி
ஒரு நாளாகக் கருதப்படும்.
அந்தக் 'கருதப்படும்' எனக்குப் பிடித்திருந்தது.
கட்டணத்தில் மாற்றமில்லை.
ஊழியர் என்றாலும் இருபது இருபதுதான்.
அதற்கு வேறு மனு எழுதணும்.
எழுதுவேன்.

மறுநாள் காலை எட்டேகால்.
கண்ணில் மணல், கையில் ஜெல் பிசுக்கு.
பழக்கத்தில் தமீம்
இரண்டாவது சீட்டைக் கிழித்துவிட்டான்.
கிழித்த பிறகுதான் உறைத்தது.
புக்கில் அடிக்கட்டை நிற்கிறது,
சாயங்காலம் அதை எண்ணுவார்கள்.
இரண்டு பேரும் அந்தத் துண்டைப்
பார்த்துக்கொண்டு நின்றோம்.
பின்னால் ஒரு ஆட்டோ, உள்ளே வலியில் ஒரு பெண்,
ஹார்ன்மேல் ஹார்ன்.

ஆளுக்குப் பத்து என்றேன்.

சில்லறை இல்லையே என்றான்.